காண்போர் இல்லாத் திடல்: பாசிர் ரிஸ் வட்டாரமும் 'பல்கலைக்கழக நகரம்' என்னும் கருத்தும்

முன்னுரை

உயர்கல்வி வளாகங்களைப் பற்றிய பேச்சில் 'நகரம்' என்னும் சொல் அண்மைக் காலத்தில் பெருவழக்குப் பெற்றுள்ளது. வகுப்பறை, நூலகம், ஆய்வுக்கூடம் ஆகியவற்றோடு விடுதி, உணவகம், கடை, நீச்சல் குளம், விளையாட்டுக் கூடம் ஆகியனவும் ஓரிடத்தில் அமையுமாயின் அதனைப் 'பல்கலைக்கழக நகரம்' என்று அழைத்தல் வழக்காகிவிட்டது. அமெரிக்காவில் பல்கலைக்கழக விளையாட்டுகளைச் சுற்றி வளர்ந்த சிற்றூர்களின் மாதிரி இவ்வழக்கிற்குப் பின்புலமாக உள்ளது. சிங்கப்பூரின் வளாகங்கள் இப்பெயருக்கு எவ்வளவு தூரம் பொருந்துகின்றன என்பதனையும், பொருந்தாத இடத்தில் குறைவது யாது என்பதனையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. பாசிர் ரிஸ் வட்டாரத்தில் வாழ்பவர் என்ற நிலையிலிருந்தே நாம் இதனை நோக்குகிறோம். வளாகத்திற்குள் நின்று காண்பதற்கும் அதற்கு வெளியே உள்ள அடுக்குமாடி வீட்டிலிருந்து காண்பதற்கும் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாடே இக்கட்டுரையின் தொடக்கம்.

நகர், ஊர், மன்றம்

சங்க இலக்கியத்தில் 'நகர்' என்னும் சொல் மனை, மாளிகை, கோயில் ஆகிய பொருள்களிலும் வழங்கியது என்பதனைத் தமிழாசிரியர்கள் நன்கறிவர். செல்வர் ஒருவரின் காவல் மிக்க இல்லமும் நகரே. மக்கள் சேர்ந்து வாழும் இடத்தை 'ஊர்' என்னும் சொல் சுட்டியது. ஊரவர் கூடும் பொதுவிடம் மன்றம் எனப்பட்டது. நகருக்கு வாயிலும் காவலும் உண்டு. மன்றத்திற்கு அவை இல்லை. இம்மூன்று சொற்களையும் கைக்கொண்டு நோக்கினால் இன்றைய வளாகங்களைப் பற்றிய நம் வினா தெளிவுபெறும்.

விளையாட்டைப் பொறுத்தவரையில் புறநானூறு ஒரு நல்ல சான்றைத் தருகின்றது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடியுள்ளார். அவருடைய பாடல்களுள் ஒன்று, மற்போரை விவரிப்பதோடு அமையாமல், கிள்ளியின் தந்தையாகிய தித்தன் இக்காட்சியைக் காணவேண்டும் என விழைகின்றது. மகிழ்ந்தாலும் மகிழாவிடினும் அவன் காணவேண்டும் என்பதே புலவரின் வேட்கை. பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரின் 85ஆம் பாடலோ காண்போரை இருசாராராகப் பிரித்துக் காட்டுகின்றது. வீரனுக்கு அவ்வூர் சொந்த ஊரும் அன்று. அந்நாடு சொந்த நாடும் அன்று. ஆகவே ஒருசாரார் வெற்றி அவனுடையது என்கின்றனர். மறுசாரார் அதனை மறுக்கின்றனர். முல்லைக்கலியின் ஏறு தழுவல் காட்சிகளிலும் காளைக்கும் பொதுவர்க்கும் நிகரான இடத்தைப் பரண்மீது நிற்கும் மகளிரும் சுற்றத்தாரும் பெறுகின்றனர்.

இப்பாடல்களால் பெறப்படும் கருத்து ஒன்று உண்டு. விளையாட்டு பொருவோர் இருவரால் மட்டும் நிகழ்வதன்று. 'நம்மவர்', 'மற்றவர்' என்று பேசிக்கொள்ளும் ஊர் ஒன்று அதனைச் சூழ்ந்து நிற்கும்போதே அது பொதுநிகழ்ச்சியாகின்றது. இன்றைய பல்கலைக்கழக ஊர் என்னும் கருத்தையும் இவ்வளவுகோலாலேயே அளக்க வேண்டும் என்பது எம் துணிபு.

சிங்கப்பூர் வளாகங்கள்: கட்டப்பட்டவை

1949இல் இராஃபிள்ஸ் கல்லூரியும் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் தோன்றியது. புக்கிட் தீமா வளாகத்திலிருந்து பின்னர்க் கெண்ட் ரிட்ஜ் குன்றுகளுக்குக் கல்வி பெயர்ந்தது. 2011 முதல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் 'பல்கலைக்கழக நகரம்' செயற்பட்டு வருகின்றது. முன்பு கோல்ஃப் திடலாக இருந்த ஏறத்தாழ 19 எக்டர் நிலத்தில், ஆயர் ராஜா விரைவுச்சாலைக்கு அப்பால், பாலமொன்றால் பழைய வளாகத்தோடு இணைக்கப்பட்டு அது அமைந்துள்ளது. உறைவிடக் கல்லூரிகள், பரந்த புல்வெளி, உணவகங்கள், நீச்சல் குளம் ஆகிய அனைத்தும் அங்குண்டு. மாணவர் அங்கு ஒருவரோடொருவர் பழகிக் கற்கின்றனர் என்பதில் ஐயமில்லை. பழைய விடுதிகளுக்கிடையே ஒரு போட்டித் தொடரும் உறைவிடக் கல்லூரிகளுக்கிடையே மற்றொரு தொடரும் ஆண்டுதோறும் முனைப்புடன் நடைபெறுகின்றன.

ஜூரோங்கில் ஏறத்தாழ 200 எக்டர் நிலத்தில் பரந்துள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2017இல் ஒரு விளையாட்டுக் கூடம் திறக்கப்பட்டது. அலைபோல் வளைந்த அதன் மரக்கூரை இடையில் தூணின்றி 72 மீட்டர் தொலைவு தாவி நிற்கின்றது. கட்டடக் கலை நோக்கில் அது போற்றத்தக்க ஆக்கம்.

எனவே வசதியில் குறைவில்லை. ஆடுவோர் ஆர்வத்திலும் குறைவில்லை. ஆயினும் இப்போட்டிகளின் காண்போர் யாவர்? பெரும்பாலும் அதே விடுதியின் மாணவர்களே. கிளமெண்டியிலோ ஜூரோங் வெஸ்டிலோ வாழும் குடும்பம் ஒன்று, "இன்று நம் பல்கலைக்கழகத்தின் ஆட்டம்" என்று புறப்பட்டுச் செல்லும் வழக்கம் உருவாகவில்லை. வளாகத்தினுள் நிகழும் ஆரவாரம் வளாகத்தினுள்ளேயே அடங்கிவிடுகின்றது. பழந்தமிழ்ப் பொருளில் கூறின் நாம் 'நகர்' கட்டியுள்ளோம். ஊரை அதனோடு சேர்க்கவில்லை.

வளைவு ஒன்று கூறும் வரலாறு

ஊர் சேர்ந்திருந்த காலமும் உண்டு என்பதனை மறத்தலாகாது. 1950களில் நன்யாங் பல்கலைக்கழகத்தை உருவாக்கச் சீனச் சமூகம் திரண்டெழுந்தது. ஹொக்கியன் சங்கம் ஜூரோங்கில் 500 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை வழங்கியது. செல்வர் மட்டுமன்றி மூன்று சக்கர வண்டியோட்டிகளும் தம் ஒருநாள் வருவாயைக் கொடுத்தனர். தாம் ஒருபோதும் சேர்ந்து பயிலப்போவதில்லை என்றறிந்தே அவர்கள் கொடுத்தனர். 1980இல் அப்பல்கலைக்கழகம் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. அதன் பழைய நுழைவாயில் வளைவு இன்று பல்கலைக்கழக வளாகத்திற்கு வெளியே, ஜூரோங் வெஸ்ட் வீடமைப்புப் பேட்டையின் நடுவே, தேசிய நினைவுச் சின்னமாக நிற்கின்றது. அதன் படிமத்தை ஒத்த வேறொரு வளைவு வளாகத்தின் உள்ளே எழுப்பப்பட்டுள்ளது. வாயில் ஊரிலும் பல்கலைக்கழகம் அப்பாலும் ஆகிவிட்ட நிலையை இதனினும் தெளிவாக எதுவும் காட்டாது.

தமிழர்க்கும் இத்தகைய வரலாறு உண்டு. 1956இல் சிங்கப்பூரில் தொடங்கிப் பின்னர்க் கோலாலம்பூருக்குப் பெயர்ந்த மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் இடம்பெறுவதற்காகக் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதி திரட்டும் இயக்கத்தை முன்னெடுத்தார். உழைப்பாளர் பலர் அதற்கு ஈந்தனர். அவர்கள் துறையின் வகுப்பறையைக் கண்டிரார். எனினும் அது 'நம்முடையது' என்ற எண்ணம் அவர்களிடம் இருந்தது. பின்வந்த காலத்தில் பல்கலைக்கழகங்களை அரசே பேணத் தொடங்கியதும் மக்கள் கொடுக்க வேண்டிய தேவை குறைந்தது. அது நன்மையே. ஆனால் கொடையால் வந்த உரிமையுணர்வுக்கு ஈடாக வேறெதுவும் வைக்கப்படவில்லை. விளையாட்டைக் காணுதல் அவ்வுரிமையுணர்வை மீட்கும் எளிய வழிகளுள் ஒன்று என்பதே நம் வாதம்.

பாசிர் ரிஸ்ஸிலிருந்து காண்பவை

பாசிர் ரிஸ் தீவின் கிழக்குக் கரையில், ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மக்கள் வாழும் வட்டாரம். கடலோரப் பூங்காவும் சதுப்புநிலக் காடும் அதன் அடையாளங்கள். 1989 முதல் கிழக்கு மேற்கு ரயில் தடத்தின் கடைநிலையம் அங்குள்ளது. கடைநிலையம் என்பதனாலேயே கல்விக்கும் அதற்கும் தொடர்பில்லை எனப் பலர் எண்ணுவர். உண்மை வேறு. 2019இல் இரு தொடக்கக் கல்லூரிகள் இணைந்து உருவான தெம்பனிஸ் மெரிடியன் தொடக்கக் கல்லூரி பாசிர் ரிஸ்ஸின் உள்ளேயே உள்ளது. அண்டை வட்டாரமாகிய தெம்பனிஸில் தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியும், சிமெய்யில் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் கிழக்குக் கல்லூரியும் உள்ளன. சோமப்பா சாலையில் 2015 முதல் சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம் இயங்குகின்றது. அச்சாலையின் பெயர் இந்திய வம்சாவளியினரான நிலவுடைமையாளர் ஒருவரின் பெயர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. வடமேற்கே பொங்கோலில் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் புதிய வளாகத்தில் 2024 செப்டம்பரில் வகுப்புகள் தொடங்கின.

இவ்வாறு கல்வி நிலையங்கள் பலவற்றின் நடுவே வாழ்ந்தும், பாசிர் ரிஸ் குடியிருப்பாளர் அவற்றின் ஆட்டங்களைக் காண்பதில்லை. எம் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மாலைதோறும் அமரும் முதியவர் ஒருவரிடம் இதுபற்றிக் கேட்டோம். ஆங்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்பவர் அவர். இளமையில் பழைய தேசிய விளையாட்டரங்கில் மலேசியக் கிண்ண ஆட்டங்களைத் தவறாது கண்டவர். "அங்கே படிக்கிற பிள்ளைகள் விளையாடுவார்கள் ஐயா, நமக்கு அங்கே என்ன வேலை?" என்பதே அவர்தம் விடை. அதில் வெறுப்பில்லை, வியப்பே இருந்தது. அப்படியொரு வினா எழக்கூடும் என்று அவர் எண்ணியதில்லை.

எமக்கும் ஓர் அனுபவம் நேர்ந்தது. கல்வி நிலையம் ஒன்றில் நம் முன்னாள் மாணவி ஆடிய வலைப்பந்தாட்ட இறுதிப் போட்டியைக் காணச் சென்றோம். வாயிற்காவலர் பணிவுடனேயே, "யாரைப் பார்க்க வேண்டும்? மாணவரின் பெற்றோரா?" என வினவினார். ஆட்டத்தைக் காண வந்தோம் என்றோம். அவருடைய பதிவேட்டில் அதற்குரிய கட்டம் இல்லை. இறுதியில் 'விருந்தினர்' என்று எழுதிக்கொண்டு அனுப்பினார். உள்ளே ஆட்டம் மிகச் சிறப்பாக நடந்தது. கண்டவர் நாற்பதுபேருக்கு மேற்படார். காவலரைக் குறைகூற இயலாது. காண்போர் என்றோர் இனம் உண்டு என்பதனை அமைப்பே கருதவில்லை.

சிங்கப்பூரர்க்குக் காண்போராக இருக்கத் தெரியாது என்னும் கூற்றும் பொருந்தாது. 1973இல் திறக்கப்பட்ட பழைய தேசிய விளையாட்டரங்கில் எழுந்த 'காலாங் முழக்கம்' இன்றும் மூத்தோர் நினைவில் உள்ளது. தம் அணி என்று கருதியதைக் காணப் பல்லாயிரவர் சென்றனர். தம் வட்டாரத்துக் கல்வி நிலைய அணியைத் தம் அணி என்று கருதுவதற்கே இதுவரை வழியமைக்கப்படவில்லை.

அமெரிக்க முன்மாதிரியும் அதன் விலையும்

இவ்விடத்தில் அமெரிக்க முன்மாதிரியை நோக்குதல் வேண்டும். நாம் முனைவர்ப் பட்ட ஆய்வு மேற்கொண்டது அந்நாட்டின் நடுமேற்குப் பகுதியில் அமைந்த பல்கலைக்கழக ஊர் ஒன்றில். இலையுதிர் காலச் சனிக்கிழமைகளில் காற்பந்தின் அமெரிக்க வடிவத்தைக் காண ஊரே எழுந்துவிடும். முடிதிருத்துபவரும் அஞ்சல்காரரும் பேருந்து ஓட்டுநரும் ஒரே நிறச் சட்டை அணிவர். பல்கலைக்கழகத்தில் கால்வைத்தறியாத முதியவளும் ஆட்டத்தின் முடிவை நம்மிடம் கேட்பாள். தமிழிலக்கியம் ஆய்ந்துகொண்டிருந்த அயல்நாட்டு மாணவராகிய நாம் அவ்வூரில் முதன்முதலாக அண்டை வீட்டாரோடு நெருங்கிப் பேசியது ஆட்டத்தைப் பற்றியே.

மிச்சிகன் பல்கலைக்கழகம் 1837 முதல் ஆன் ஆர்பரில் உள்ளது. அதன் விளையாட்டரங்கம் 1,07,000க்கும் மேற்பட்டோரைக் கொள்ளும். அது ஏறத்தாழ அவ்வூர் மக்கள்தொகைக்கு அண்மித்த எண்ணிக்கை. சிங்கப்பூர் நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங் 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் பாணி நீச்சலில் 50.39 விநாடிகளில் தங்கம் வென்றபோது, அவர் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழக மாணவராக இருந்தார் என்பதும் நாம் அறிந்ததே. அப்பயிற்சிச் சூழலின் ஆற்றலை மறுத்தல் இயலாது.

எனினும் அம்முன்மாதிரியை அப்படியே பெயர்த்து நடுதல் தகாது என்பதில் நாம் உறுதியாக உள்ளோம். அங்குப் பல மாநிலங்களில் அரசு ஊதியம் பெறுவோருள் மிகுதியாகப் பெறுபவர் பல்கலைக்கழகப் பயிற்றுநர். பெருவருவாய் ஈட்டும் ஆட்டங்களில் வியர்வை சிந்திய மாணவர் நெடுங்காலம் ஊதியமின்றியே ஆடினர். அதனை எதிர்த்த வழக்குகளின் விளைவாக, 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 20.5 மில்லியன் டாலர் வரை வீரர்களோடு நேரடியாகப் பகிர்ந்துகொள்ள வழி பிறந்தது. நீதி என்ற அளவில் இது வரவேற்கத்தக்கது. ஆயின் மாணவர் ஆட்டம் முழுமையும் தொழிலாக மாறிவிட்டது என்பதற்கும் இதுவே சான்று. ஊரின் பற்று முதலில் தோன்றியது. பணம் பின்னர் அதனைப் பற்றிக்கொண்டது. நமக்கு வேண்டுவது முன்னது.

தமிழ்ச் சூழலில் ஒரு முன்மாதிரி

பணமின்றி ஊர்ப்பற்று நிலைபெற்றதற்குச் சான்று தேடி அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் புனித யோவான் கல்லூரிக்கும் இடையே 1904 முதல் நிகழ்ந்துவரும் துடுப்பாட்டப் போட்டியை நாம் கருதலாம். 'வடக்கின் பெரும்போர்' என அழைக்கப்படும் இப்போட்டி இரு பள்ளிகளுக்கு இடையிலானதே. பல்கலைக்கழக ஆட்டம் அன்று. ஆயினும் போட்டி நாட்களில் மத்திய கல்லூரித் திடலைச் சுற்றி நகரமே கூடுகின்றது. பழைய மாணவர் கனடா, பிரிட்டன் முதலிய நாடுகளிலிருந்து அதற்கெனவே வருகின்றனர். மேளமும் இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன. போர்க்காலத்தில் இடையூறுகள் நேர்ந்தும் மரபு அறுந்துவிடவில்லை.

இதனை நிலைநிறுத்தியவை எவை என ஆராய்ந்தால் மூன்று கூறுகள் புலப்படும். முதலாவது, எதிரணி மாறாதது; ஆண்டுதோறும் அதே இருவர். இரண்டாவது, காலம் மாறாதது. ஆண்டின் அதே பருவத்தில் அது நிகழும் என்பது சிறுவர்க்கும் தெரியும். மூன்றாவது, திடல் நகரின் நடுவில் உள்ளது. சென்று காண்பதற்கு உறவோ அனுமதிச் சீட்டோ காரணமாக வேண்டியதில்லை. இம்மூன்றுக்கும் பெருஞ்செலவு தேவையில்லை. மாறாக, 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தனக்கெனப் பேரூராட்சியே உடையது. அண்ணாமலைநகர் என்னும் பெயரும் விடுதிகளும் திடல்களும் அங்குண்டு. ஆயினும் தமிழ், இசை ஆகியவற்றுக்கு நாடறிந்த அப்பல்கலைக்கழகம் விளையாட்டால் சிதம்பரத்து மக்களைத் தன்பால் ஈர்த்தது என்று கூறுவதற்கில்லை. நிலமும் பெயரும் தம்மளவில் ஊரை உருவாக்கிவிடா என்பதனை இவ்விரு சான்றுகளையும் ஒப்பிட்டு உணரலாம்.

சிங்கப்பூரிலும் இம்மரபின் கிளை இருந்துள்ளது. 1923இல் தோன்றிய இந்தியர் சங்கமும், 1928இல் தோன்றிய சிலோன் விளையாட்டு மன்றமும் பாலஸ்டியர் வட்டாரத்தில் திடலை நடுவாகக் கொண்டே சமூக வாழ்வை அமைத்தன. ஆயினும் புலம்பெயர் தமிழர் பற்றிய நம் ஆய்வுகள் கோயில், பள்ளி, நாளிதழ், மேடை ஆகியவற்றைப் பெரிதும் நோக்கியுள்ளனவே அன்றித் திடலைப் போதிய அளவு நோக்கவில்லை. இக்குறை எம்மையும் சாரும்.

எழக்கூடிய மறுப்புகள்

நம் கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். பல்கலைக்கழகத்தின் பணி கற்பித்தலும் ஆய்வுமே. விளையாட்டைக் காட்சியாக்குதல் அன்று என்பது முதலாவது. இதனை நாம் பெரிதும் ஏற்கிறோம். ஆனால் விளையாட்டு ஏற்கெனவே நடைபெறுகின்றது. திடலும் பயிற்றுநரும் ஏற்கெனவே உள்ளனர். புதிதாகச் சேர்க்கக் கோருவது வாயிலைத் திறத்தல் ஒன்றே.

சிங்கப்பூர் சிறிய தீவு. மாணவர் பலர் வீட்டிலிருந்தே வந்து செல்வர். ஆகவே தனி ஊர்ப்பற்று வளராது என்பது இரண்டாவது. இது நம் வாதத்திற்கு அரணாகவே அமையும். வீட்டிலிருந்து வரும் மாணவர் ஊரின் பிள்ளையாகவே இருக்கின்றார். அமெரிக்க ஊர் அயலிலிருந்து வந்த மாணவரை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இங்கோ வட்டாரம் தன் பிள்ளையையே காணச் செல்லலாம்.

பாதுகாப்பு பற்றியது மூன்றாவது. இதனை எளிதாகத் தள்ளிவிடலாகாது. ஆனால் ஆட்டம் வளாகத்தினுள்தான் நிகழவேண்டும் என்னும் கட்டாயமில்லை. இதற்கு அடுத்த பகுதியில் வழி கூறப்படுகின்றது.

செய்யத்தக்கன

முதலாவதாக, ஆண்டில் சில ஆட்டங்களையேனும் வளாகத்திலிருந்து வட்டாரத்தின் பொதுத்திடலுக்குக் கொணர வேண்டும். பாசிர் ரிஸ்ஸில் பொது விளையாட்டு நிலையம் உண்டு. 2017இல் திறக்கப்பட்ட 'நமது தெம்பனிஸ் நடுவம்' என்னும் ஒருங்கிணைந்த சமூக மையத்தின் காற்பந்துத் திடலைச் சுற்றி நூலகமும் உணவங்காடியும் உள்ளன. காய்கறி வாங்க வந்தவரும் சிறிது நேரம் நின்று காணத்தக்க இடம் அது. மன்றம் என்பதன் இன்றைய வடிவம் இத்தகையதே.

இரண்டாவதாக, யாழ்ப்பாணச் சான்று காட்டுவதுபோல், மாறாத எதிரணியும் மாறாத காலமும் வேண்டும். கிழக்கில் உள்ள பல்கலைக்கழகமும் வடகிழக்கில் உள்ள பல்கலைக்கழகமும் ஆண்டுக்கொருமுறை குறித்த வாரத்தில் பொருதுமாயின் பத்து ஆண்டுகளில் அது ஒரு மரபாகக்கூடும். குறுக்குத் தீவு ரயில் தடத்தின் பாசிர் ரிஸ் நிலையம் 2030இலும், பாசிர் ரிஸ்ஸைப் பொங்கோலோடு இணைக்கும் கிளை 2032இலும் திறக்கப்படும் என அறிவிக்கப்பட்டுள்ளது. அப்போது பாசிர் ரிஸ் கடைநிலையமாக இராது. இரு பல்கலைக்கழகங்களுக்கு இடைப்பட்ட ஊராகும். இருப்புப்பாதை வருமுன் பழக்கத்தைத் தொடங்குதல் நன்று. பழக்கமின்றிப் பாதை மட்டும் வருமாயின் மாணவர் விரைவாக வீடு திரும்புவதற்கே அது பயன்படும்.

மூன்றாவது தமிழாசிரியர்களாகிய நமக்குரியது. வகுப்பறைக்கு வெளியே தமிழ் ஒலிக்கும் இடங்கள் அருகிவருவதைப் பற்றி நாம் ஓயாது கவலைப்படுகிறோம். ஆனால் பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகள் நாடகம், பட்டிமன்றம், நடனம் ஆகியவற்றுக்குத் தரும் இடத்தை விளையாட்டுக்குத் தருவதில்லை. அகில இந்திய வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் தமிழில் துடுப்பாட்ட நேர்முக வருணனை வழங்கியபோது, ஆட்டத்தின் வேகத்திற்கு ஈடுகொடுக்கும் தமிழ் கேட்போர்க்குக் கிட்டியது. இலக்கணம் பிறழாது, எழுதிவைத்துப் படியாது, கண்முன் நிகழ்வதை உடனுக்குடன் சொல்லும் அத்திறன் எந்தப் பேச்சுப் போட்டியிலும் எளிதில் வாய்ப்பதன்று. பாசிர் ரிஸ் திடலில் நம் மாணவர் இருவர் ஒலிபெருக்கியின் முன் அமர்ந்து காற்பந்தாட்டத்தைத் தமிழில் வருணிப்பாராயின், கீழ்த்தளத்து முதியவர் அதனைக் கேட்க வருவார் என்று நாம் நம்புகிறோம்.

இதற்கு ஊக்கமளிக்கும் முன்னோரும் நமக்கு உளர். 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்று, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 10.38 விநாடிகளில் ஓடிய சி. குணாளன் பயிற்சி பெற்ற ஆசிரியர். விளையாட்டுக்குப் பெயர்பெற்ற பிரிட்டிஷ் பல்கலைக்கழக ஊராகிய லஃப்பரோவில் உடற்கல்வி பயின்று திரும்பி, உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் விரிவுரையாளராகப் பணியாற்றினார். அவருடைய தேசியச் சாதனை 2001 வரை நிலைத்தது. அண்மையில், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் பயின்ற சாந்தி பெரேரா 2023இல் ஹாங்சோவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். திடல்தட விளையாட்டில் சிங்கப்பூருக்கு 49 ஆண்டுகளுக்குப் பின் கிட்டிய ஆசியத் தங்கம் அது. அவ்வெற்றியை நாடு முழுவதும் கொண்டாடியது. ஆனால் அவர் மாணவியாகப் பல்கலைக்கழகப் போட்டிகளில் ஓடிய நாள்களில் நம்மில் எத்தனைபேர் தடத்தருகே நின்றோம்? வென்றபின் நம்மவர் என்பது எளிது. வெல்லுமுன் காண்பதற்கே ஊர் வேண்டும்.

முடிவுரை

சிங்கப்பூரின் பல்கலைக்கழக வளாகங்கள் வசதியிலும் மாணவர் ஆர்வத்திலும் குறைவற்றவை. அவற்றுக்கு வழங்கப்படும் 'நகரம்' என்னும் பெயர், சூழ்ந்து வாழும் மக்கள் காண்போராக இடம்பெறாத காரணத்தால், நிறைவு பெறாது நிற்கின்றது. அமெரிக்க முன்மாதிரியின் வணிகத்தைப் பின்பற்றாமலே, மாறாத எதிரணி, மாறாத காலம், திறந்த திடல் என்னும் மூன்றினால் இந்நிறைவை எய்தலாம் என்பதற்கு யாழ்ப்பாணம் சான்றாக உள்ளது. வளாகத் திட்டங்களை வகுப்போர் கட்டடப் பரப்பையும் இருக்கை எண்ணிக்கையையும் கணக்கிடுவதோடு, வட்டாரத்தார் எத்தனைபேர் வந்தனர் என்பதனையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

தன் வீரனைக் காணத் தித்தன் வரவேண்டும் எனச் சாத்தந்தையார் விழைந்தார். பாசிர் ரிஸ் கீழ்த்தளத்தில் அமர்ந்திருக்கும் அம்முதியவரும் வரவேண்டும் என்பது நம் விழைவு. வாயிற்பதிவேட்டில் அவருக்கென ஒரு கட்டம் இடப்படுவது அதற்குரிய முதற்படியாகும்.